வேட்டைக்குரிய கட்டத் துணி: பருத்திப் பிளானலா, கம்பளியா?



நமது நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலந்தோறும் காடு செல்வோர் பலர். அவர்கள் கட்டம்போட்ட துணியையே விரும்பி அணிகின்றனர். கட்டம் நமக்குப் புதிதன்று. மலாய் மக்கள் உடுத்தும் கட்டக் கைலிக்குப் ‘பெலிக்கட்’ என்று பெயர் வந்தது நமது பழவேற்காட்டினால்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் மதிக்கப்படுவது நமது மதராஸ் கட்டம். ஆகவே அவ்வுடையின் குணங்களை நெசவாளரும் பருத்தி, ஆடு வளர்ப்போரும் அறிந்திருத்தல் நன்று.

1. கட்டம் எதற்கு?

பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசையை இட்டால் கட்டம் பிறக்கும். இரு வண்ண நூல் கொண்டால் மூன்று நிறங்களும், மூன்று வண்ணம் கொண்டால் ஆறு நிறங்களும் துணியில் தோன்றும். சிவப்பும் கறுப்பும் கலந்த பெருங்கட்டம் அமெரிக்க வேட்டைக்காரரின் அடையாளமாயிற்று. இதற்குக் காரணம் உண்டு. மான் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய அதனால் இயலாது. எனவே சிவப்பு மனிதர் கண்ணுக்குத் தெரியும், மானை எச்சரிக்காது. பெருங்கட்டம் உடலின் உருவ எல்லையையும் உடைத்துக் காட்டும். எனினும் தவறிச் சுடப்படாமல் காக்க இச்சிவப்பு மட்டும் போதாது என்று கருதி, ஒளிரும் ஆரஞ்சு நிறத்தை அணிய வேண்டும் என அமெரிக்க மாநிலங்கள் பல சட்டம் செய்துள்ளன.

2. பருத்திப் பிளானல்

பிளானல் முதலில் வேல்சு நாட்டுக் கம்பளித் துணி. பருத்தியில் செய்யப்படுவது பிற்காலத்தது. முறுக்குக் குறைந்த தடித்த ஊடை நூலால் நெய்து, கம்பித் தூரிகையால் மேலே பஞ்சு எழுப்புவர். அப்பஞ்சில் சிறைப்படும் காற்றே வெதுவெதுப்புத் தருகிறது. நீண்ட இழை இதற்கு அவசியமில்லை. ஆகவே குட்டை இழைப் பருத்திக்கும் இதில் வேலையுண்டு. துவைக்க எளிது, விலையும் குறைவு, உடலில் உறுத்தாது.

குறைகள் இரண்டு. நனைந்தால் எழும்பிய பஞ்சு படிந்து, சிறைப்பட்ட காற்று போய்விடும். பின்பு துணியே உடற்சூட்டை உறிஞ்சும். குளிர்ந்த காட்டில் மழையில் நனைந்தவனுக்கு இது உயிராபத்து. மற்றொன்று, எழும்பிய பஞ்சு தீயை விரைவாகப் பற்றும். முகாமில் அடுப்பருகே அமர்வோர் இதை மறத்தலாகாது.

3. கம்பளி

ஆட்டு மயிர் இயல்பாகவே சுருண்டது. நனைந்தாலும் காற்றைப் பிடித்துவைக்கும். தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவு ஈரத்தை உள்வாங்கியும் ஈரமென்று உணர்த்தாது. ஈரத்தை வாங்கும்போது சிறிது வெப்பமும் வெளிவிடும். எளிதில் தீப்பற்றாது. உராய்வில் ஓசை எழுப்பாததால் வேட்டைக்காரர் பெரிதும் விரும்புவர். எடை மிகுதி, உறுத்தல், பூச்சி அரித்தல், சூடான நீரில் சுருங்குதல் ஆகியவை இதன் குறைகள்.

நீலகிரியின் நயமான மயிர் தரும் செம்மறியும், அங்கே சாண்டிநல்லாவில் 1954ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ஆட்டின ஆராய்ச்சியும் நமக்கு உள்ள செல்வம். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் லுங்கி, கம்பளிப் போர்வை, கம்பளி டுவீடு ஆகியவை கைத்தறிக்கு உரிய வகைகளில் சேர்க்கப்பட்டன என்பதையும் நினைவில் கொள்க.

4. நூலைச் சோதிக்கும் முறை

கம்பளி என்று கூறித் தரப்படும் நூல் கலப்படமா என அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டு மூன்று நூல்களை இடுக்கியால் பற்றி, தகட்டின்மேல் தீயில் காட்டுக. கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து தானே அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம்போல் எரியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

சாயத்தை அறிய, வெள்ளைத் துணியை நனைத்துக் கட்டத்தின்மேல் அழுத்தித் தேய்க்க. கறை படிந்தால் அச்சாயம் மழைக்கு ஆகாது. 1960களில் ‘சாயம் வடியும் மதராஸ்’ அமெரிக்காவில் புகழ் பெற்றது உண்மைதான். ஆனால் சாயம் வடியும் என்பதை முன்கூட்டியே சொல்லி விற்றதனாலேயே அது குறையாகாமல் குணமாயிற்று. வேட்டையுடையில் அவ்விதச் சலுகை கிடையாது.

5. நாம் செய்ய வேண்டுவது

பாலவாக்கம் போன்ற கடலோரத்தில் மார்கழியிலும் குளிர் கடுமையன்று. விடியுமுன் கடலுக்குச் செல்வோர்க்கும் காற்றைத் தடுக்கும் பருத்திக் கட்டத் துணியே போதும். ஆனால் நனைந்தபின் மாற்றிக்கொள்ள உலர்ந்த ஆடை ஒன்று உடனிருத்தல் அவசியம். உதகை, கொடைக்கானல் மலைவாசிகளுக்கும் குளிர்நாட்டுக்கும் அனுப்புவதாயின் நிலை வேறு. அங்கே மேலாடை கம்பளியாக இருக்கட்டும். உள்ளாடையும் ஈரத்தை ஏந்தி நிற்காததாக இருக்கட்டும்.

இவ்வாறு பிரித்தறிந்து, துணியின் இழை யாது, நனைந்தால் என்னாகும், எவ்வாறு துவைப்பது என்னும் மூன்றையும் சீட்டில் எழுதி ஒட்டுவது சங்கத்தின் கடமை. ‘கதகதப்பான துணி’ என்று மட்டும் எழுதிப் பருத்திப் பிளானலைப் பனிநாட்டுக்கு அனுப்பினால், வாங்குபவன் நம்பிக்கையோடு அவன் உயிரும் ஆபத்திற்குள்ளாகும். ஒருமுறை அப்படி நேர்ந்தால், அடுத்த கட்டளை சங்கத்துக்கு வராது, தறியும் நின்றுவிடும். உண்மையைச் சொல்லி விற்ற துணிக்கே மறுமுறையும் ஆள் தேடி வருவர்.