பனிக்காலமும் நம் கால்களும்

மார்கழி வந்தால் ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் நமக்கு நடைபாதையில் உப்புத் தூவுவதே காலையின் முதல் வேலை. ஆனால், தூவப் போகிறவர் விழாமல் இருக்க வேண்டுமே! லொறி வந்ததும் இரு கையாலும் பெட்டியைத் தூக்குகிறோம். கால் வழுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கையில்லை. மணிக்கட்டு முறிந்தால், ஒருவரை நம்பி நடக்கும் கடை வாரக்கணக்கில் தடுமாறும்.

பனிச் சப்பாத்து மட்டும் போதாது. ரொறன்ரோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வாளர்கள் 98 வகைச் சப்பாத்துகளைச் சாய்வான பனிக்கட்டித் தளத்தில் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு எட்டு வீதமே தேறின! ஆகவே சப்பாத்தின்மேல் மாட்டும், இரும்புப் பல் வைத்த றப்பர் பிடிப்பான்கள் நமக்குத் தேவை.

கவனிக்க வேண்டியவை:

1. றப்பர் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பற்கள் முன்பாதத்திலும் குதிகாலிலும் இருப்பது நல்லது.

2. கடைக்குள் நுழையுமுன் கழற்றுங்கள். மாபிள் தரையில் இரும்புப் பல்லே வழுக்கும். வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். வாகனம் ஓட்டும்போதும் அணிய வேண்டாம்.

3. வாரம் ஒருமுறை றப்பர் வெடிப்பையும் பல் தேய்வையும் பாருங்கள்.

4. மாட்டியிருந்தாலும் சிற்றடி வைத்தே நடவுங்கள்.

குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பின் வேகம் குறைந்துவிடும். அன்றுதான் பிடிப்பான் மிக அவசியம்.

வேலையாட்களுக்கும் ஆளுக்கொரு சோடி வாங்கிக் கொடுப்போம். கார்த்திகையிலேயே சில சோடிகளைக் கல்லாவருகே தொங்கவிட்டால் வாடிக்கையாளருக்கும் உதவி, நமக்கும் வியாபாரம்.