முதலில் தோட்டக்காரரிடம் பேசு

கட்கி, புனே

அன்பு மகளுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் "சரி சித்தப்பா, சரி சித்தப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிப்பாய். அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உன் சித்தி அதையே பேசிக்கொண்டிருக்கிறாள். செப்டம்பரில் ஸ்பெயின். ரியோஹாப் பக்கம் லாகுவார்தியா என்று ஒரு ஒயின் ஊர். துணைக்கு ஆள் இல்லை. செலவுக்கு வங்கியில் கடன். "யாருக்கும் என்னைத் தெரியாத, சத்தமில்லாத ஊர்ல பத்து நாள் இருக்கணும் சித்தப்பா" என்றாய். அந்தப் பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. ஹிஞ்சவடியிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவளுக்கு அமைதி வேண்டும்தான். ஆனால் கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றாயே, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லையே, அதைப் பார்த்தபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை என்றாய். நானும் சொல்லவில்லை. ரொம்ப நாள் என்னால் தாங்காது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சம்பாதிக்கிறாய், முடிவு உன்னுடையது. ஸ்பெயின் ஒன்று, இங்கே பக்கத்தில் நாராயண்காவ் ஒன்று. இரண்டு வழியையும் சொல்கிறேன், நீயே எடைபோட்டுக்கொள்.

லாகுவார்தியா நல்ல ஊர்தான், தேடிப் படித்தேன். குன்றின்மேல் மதில் சூழ்ந்த சின்ன ஊர். வீடுகளுக்கு அடியிலெல்லாம் ஒயின் வைப்பதற்குப் பழங்காலத்தில் குடைந்த நிலவறைகள். தெருவுக்குக் கீழே குடைந்து கிடப்பதால் மதிலுக்குள் வண்டிகளைத் தாராளமாக விடுவதில்லை. நீ கேட்கிற அமைதி கிடைக்கும்.

ஆனால் பக்கத்திலிருக்கும் ஆரோ என்ற ஊரின் கதையையும் தெரிந்துகொண்டு போ. 1860களில் பிரான்ஸ் தோட்டங்களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி விழுந்து கொடிகள் பட்டுப்போகத் தொடங்கின. சரக்குக்கு வழியில்லாத போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி ஆரோவுக்கு வந்தார்கள். ரயில் நிலையத்தை ஒட்டியே ஒயின் கிடங்குகள் எழும்பின. 1890லேயே தெருவுக்கு மின்விளக்கு வந்துவிட்டது. பிறகு அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி பிரான்ஸ் தோட்டங்கள் தேறின. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்த நூற்றாண்டு முடியும் நேரத்தில் அதே பூச்சி ரியோஹாவுக்கு வந்தது. அப்போது பட்ட கொடியின் பக்கத்தில் நின்றவன் அதை நட்டவன் மட்டும்தான்.

வாங்குகிறவன் வருவான், போவான். கொடி நட்டவன் எங்கே போவான்? காமயகவுண்டன்பட்டியில் நம் வீடு பட்டதும் இதைத்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். தாத்தா தோட்டத்துப் பன்னீர் திராட்சைக்கு அப்போது இருந்த பேர் என்ன! கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து வெள்ளாமை எடுப்பார்கள். உலகத்தில் ரொம்பச் சில இடத்துக்குத்தான் அந்த வரம். 2023ல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக் கேட்க அவர் இல்லை. பழம் வாங்கிய வியாபாரி பறிப்புக்குப் பறிப்பு லாரி கொண்டுவந்தான். "அடுத்த லோடுக்குச் சேர்த்துத் தர்றேன்" என்றான். கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பணம் வரவேயில்லை, கடைசியில் பந்தல் கல்லுக்காலைப் பிடுங்கி விற்றோம். உன் அத்தை கல்யாணம் தள்ளிப்போனதும், உன் அப்பா காலேஜுக்குப் போகாமல் நின்றதும், நான் இந்தக் கட்கி தொழிற்சாலைக்கு ரயிலேறியதும் அந்தத் துண்டுச் சீட்டு இல்லாததால்தான். இதை நான் சாகும்வரை சொல்வேன். விலையை எழுதி வாங்காத விளைச்சல் நம்முடையது இல்லை.

ஒயின் திராட்சையில் இது இன்னும் மோசம், ஏன் என்று கேள். அது சின்னக் காய், கெட்டித் தோல், உள்ளே கொட்டை. ஆலைக்காரன் வேண்டாமென்றால் தின்கிற பழமாகச் சந்தையில் போட முடியாது. 2001ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்ததும் நாசிக், சாங்லிப் பக்கம் ஆலைகள் வரிசையாக முளைத்தன. எத்தனையோ பேர் தின்கிற திராட்சையை விட்டுவிட்டு ஒயின் ரகம் நட்டார்கள். 2008க்குப் பிறகு வியாபாரம் படுத்தது, ஆலைகளில் சரக்கு தேங்கியது. நட்டவர்களில் பலர் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டுப் பழைய ரகத்துக்கே திரும்பினார்கள். பிடுங்கியவன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நம் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பெயினிலும் இந்த வலி உண்டு. 2023ல் ரியோஹாவில் விற்காத ஒயின் மிஞ்சிப்போய், அதைக் காய்ச்சி ஆல்கஹாலாக்கவும், பிஞ்சுக் குலைகளை வெட்டிக் கீழே போடவும் மானியம் கொடுத்தார்கள். ஆனாலும் அவர்களிடம் ஒன்று இருக்கிறது. விளைச்சலுக்கான ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2013ல் சட்டம் போட்டார்கள். பிறகு அதை இறுக்கி, உற்பத்திச் செலவுக்குக் கீழே விலை பேசக்கூடாது என்றார்கள். தாத்தாவுக்கு அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால்!

அதனால்தான் சொல்கிறேன், நட்டவனிடம் கேட்க முதலில் நாராயண்காவ் போய்வா. வாகடேவாடி ஸ்டாண்டில் நாசிக் போகிற எஸ்.டி. பஸ் ஏறினால் சாக்கண் நெரிசலைத் தாண்டி, கேட், மஞ்சர் வழியாக எண்பது கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடும். விடிகாலையிலேயே கிளம்பு. குகடி ஆற்றுத் தண்ணீரில் விளைகிற பூமி அது. எட்காவ் அணை பக்கத்தில்தான். 1980களில் ஷாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்ப உதவியோடு ஷாம்பெய்ன் முறையில் ஒயின் செய்து, 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பியது இந்த ஊரிலிருந்துதான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் நாராயண்காவ் இருக்கிற ஜுன்னர் தாலுகாவில் திராட்சைத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன, பெரும்பாலும் தின்கிற ரகங்கள். அமைதி வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. வானத்து ரேடியோ அலையைக் கேட்கிற தொலைநோக்கியை, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் முப்பது கிண்ணங்களாக, பக்கத்துக் கோடத் ஊரை மையமாக வைத்து நிறுவியிருக்கிறார்கள். ரேடியோ இரைச்சல் குறைந்த இடம் வேண்டுமென்றுதான் இங்கே வந்தார்கள்.

அக்டோபரில் போனால் கவாத்து பார்க்கலாம். இங்கே வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் வெட்டுவது கொடி தேறுவதற்கு, அக்டோபரில் வெட்டுவது காய்ப்புக்கு. பிப்ரவரியில் பழம். அந்த நேரம் ஒரு ஆலங்கட்டி மழை பெய்தால் போதும், வருஷ உழைப்பு தரையில் கிடக்கும். தோட்டத்து வீடுகளில் தங்க இடம் கொடுக்கிறார்கள். தோட்டக்காரரைக் காகா என்று கூப்பிட்டு, டீ குடித்துவிட்டுக் கேள்: விலையை எப்போது பேசுவீர்கள், எடை போடுவது யார், கழிவு எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும், எழுத்தில் இருக்கிறதா? பிறகு நாசிக்கிலோ ஸ்பெயினிலோ ஒயின் ரகம் போட்டவரிடமும் இதையே கேள். ஒயின் கிளாஸைக் கையில் எடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும். இருட்டியபின் கரும்புக் காட்டோரம் நடக்காதே. ஜுன்னர் பக்கம் சிறுத்தை நடமாட்டம் விளையாட்டில்லை.

இதெல்லாம் பார்த்தபிறகும் லாகுவார்தியா உன்னைக் கூப்பிட்டால் அடுத்த செப்டம்பரில் போ. கடன் வேண்டாம். நீ களைத்துப்போய்த்தான் கிளம்புகிறாய். தவணையும் சேர்ந்துகொண்டால் திரும்பிவந்து அந்த வேலையை விடவும் முடியாது, இளைப்பாறவும் முடியாது. அதுதான் என் பயம். தங்குகிற இடத்தின் முகவரியை என்னிடம் எழுதிக் கொடு. அண்ணியிடம் நீயே சொல்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே தாயி. நம் வீட்டிலேயே தோட்டத்து மண்ணைக் கைநிறைய அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட மனசில்லாமல் நின்ற குழந்தை நீ ஒருத்திதான். உனக்கு நல்லது கெட்டது தெரியும். டிக்கெட் செலவில் பாதி என்னுடையது. தபாலாபீஸில் போட்டு வைத்தது உனக்கில்லாமல் யாருக்கு? நீ இந்த செப்டம்பரிலேயே போனாலும் தருகிறேன். எங்கும் போகாமல், வேலையையும் விட்டுவிட்டு, ஆறு மாசம் இங்கே வந்து சும்மா படுத்துக் கிடந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம், உன் சித்திக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு. நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பதாகச் சித்தி சொல்லியிருக்கிறாள். ஸ்பெயின் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். நீ எடுத்தால், ஆசையாகக் கேட்டுக்கொள்வேன்.

என்றும் உன் நலம் நாடும்,
சித்தப்பா