வீடு கிடைக்கும்வரை பிள்ளை காத்திருக்குமா?

"வீடு கிடைக்கட்டும் பாதர், பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்."

மண்சரிவு அபாயத்தினால் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களைத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் சந்தித்தபோது ஒரு தந்தை சொன்னது இது. மரக்கறி செய்து பிழைத்தவர். நிலமும் போய்க் கூரையும் போனவர் வேறு எப்படிச் சொல்வார்? பக்கத்தில் சாக்கின்மேல் ஒன்றரை வயதுப் பிள்ளை அழாமல் உட்கார்ந்திருந்தது. "தொந்தரவே தராத பிள்ளை" என்றார் தாய். நாமும் கொப்பியில் "அங்கத்தவர் ஐவர்" என்று எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்திடம் போனோம். அன்று நாம் கேட்காமல் விட்ட கேள்விகளே இந்தப் பாடத்தை எழுதத் தூண்டின.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்களுக்கு நிரந்தர வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இரண்டு வருடங்கள். கைக்குழந்தையாகத் தற்காலிக இடத்துக்குப் போன பிள்ளை, ஓடவும் பேசவும் கற்ற பிறகே சொந்த வீட்டு வாசற்படியை மிதித்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு ஊவாவில் இதே கணக்கை எண்ணிக்கொண்டிருப்போர் எத்தனை பேர் என்பதை வாசகர்களாகிய உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அந்த இரண்டு வருடங்களில் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது? பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழக் கால் பங்கு நிறையுடையது. இரண்டு வயதாகும்போது அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. வாழ்க்கையில் வேறெந்தக் காலத்திலும் இவ்வளவு வேகம் இல்லை. தேயிலைத் தவறணையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பையிலிருக்கும் கன்று நீரும் நிழலும் இல்லாமல் வாடினால், மலையில் நட்டபின் எவ்வளவு உரம் போட்டாலும் பக்கத்துச் செடியோடு சமமாக வருவது கடினம். ஆனால் பிள்ளை தேயிலையல்ல. பிந்தினாலும் மீட்க வழியுண்டு என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்குப் பின்னர் வருவோம்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 32 பேர், மூவரில் ஒருவர். இரண்டு வயது நிறையும்போது ஆண் பிள்ளை சுமார் 82 சென்டிமீட்டருக்கும் பெண் பிள்ளை 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்வர். "எங்கள் பரம்பரையே குட்டை" என்று சொல்வது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல பராமரிப்புக் கிடைத்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. டில்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தார்கள். ஆகவே லயத்துப் பிள்ளை குட்டையாக இருப்பதற்குப் பரம்பரையின்மேல் பழி போடுவது சரியல்ல.

இனி மீட்பது பற்றி. ஜமெய்க்கா நம்மைப் போலவே பெருந்தோட்டங்களால் உருவான தீவு. அங்கே தேயிலை அல்ல, கரும்பு. கூலிகளாக அல்ல, அடிமைகளாகவே மக்களைக் கொண்டுவந்தார்கள். அதன் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986 - 87 இல் சலி கிரந்தம்-மெக்கிரெகர் என்ற மருத்துவரும் அவரது தோழியரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையான, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மா உணவு. இன்னொரு பிரிவுக்கு உணவு இல்லை. ஆனால் வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுப்பார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். நான்காம் பிரிவுக்கு இவை எதுவுமில்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது.

வீட்டுக்கு வந்த பெண்கள் மருத்துவர்களோ ஆசிரியர்களோ அல்லர். அதிகம் படிக்காத, பயிற்சி பெற்ற சமூக சுகாதார உதவியாளர்கள். கடைச் சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. வெறும் பிளாஸ்டிக் போத்தல், அட்டைப் பெட்டி, பழைய சஞ்சிகைப் படங்களை ஒட்டிய புத்தகம் போன்றவைதான் விளையாட்டுப் பொருட்கள். ஒரு வாரம் வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வாரம் மாற்றி வேறு தருவார்கள்.

இரண்டு வருட முடிவில் உணவு மட்டும் பெற்றவர்களும் முன்னேறினார்கள், விளையாட்டு மட்டும் பெற்றவர்களும் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் வளர்ச்சி குன்றாத பிள்ளைகளின் அறிவாற்றலை ஏறக்குறைய எட்டிவிட்டார்கள். ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. பள்ளிக்கூட வயதிலும் வாலிபத்திலும் அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தனர். 22 வயதில், விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2014 இல் இது வெளியானது. சண்டை சச்சரவும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன.

உணவினால் வந்த நன்மையோ காலப்போக்கில் தேய்ந்து போயிற்று. இதை வாசித்து "அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை" என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். நிவாரணப் பட்டியல் தயாரிப்பவர்கள் கட்டாயம் கட்டவேண்டாம். கிங்ஸ்டனில் கொடுத்த பால்மாவை வீட்டிலுள்ள மற்றவர்களும் பங்கிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதினர். திரிபோஷப் பைக்கு நம் வீடுகளில் நடப்பது தெரியாதா? குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. இரண்டு கிராமங்களுக்குப் புரதம் சேர்ந்த கஞ்சியும் மற்ற இரண்டுக்கு வெறும் இனிப்புப் பானமும் கொடுத்தனர். கஞ்சி குடித்த ஆண் குழந்தைகள் வளர்ந்து ஆளானபோது, அவர்களின் மணித்தியாலக் கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகம். ஆனால் மூன்று வயதுக்கு முன் குடித்தவர்களுக்கே அந்தப் பலன். பிந்திக் குடித்தவர்களிடம் அது தென்படவில்லை.

மூன்று வயதில்தான் நாம் பாலர் பாடசாலைக் கதவைத் திறக்கிறோம். அதுவரை பிள்ளை யாருடைய பொறுப்பு?

தோட்டத்தில் அது பிள்ளைக் காம்பராவின் பொறுப்பு, வீட்டில் பாட்டியின் பொறுப்பு. பிரட்டுக்குப் போகுமுன் அம்மா பிள்ளையை விட்டுப் போவார். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தொழிலாளித் தாய்க்கு வேலை நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தருகிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இல்லையென்றால் ஒரு மணி நேரம். காம்பரா இடிந்தோ மூடப்பட்டோ போன இடத்தில் எந்த நேரம் பொருந்தும் என்பதைத் தாய்மார் தெரிந்து வைத்திருக்கவேண்டும். தலைவர்மார் சம்பளத்தைப் பேசுவதுபோல் இதையும் பேசலாம்.

பாட்டியிடம் ஒரு வார்த்தை. சோற்றோடும் ரொட்டியோடும் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். தேயிலையிலுள்ள சாயம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச்சோகையுள்ள பிள்ளை சோர்ந்திருக்கும். எதையும் எட்டிப் பிடிக்காது, எதையும் கேட்காது. "தொந்தரவே தராத பிள்ளை" என்பது சில வேளைகளில் இதுதான். அப்படிப்பட்ட பிள்ளையை மிட்வைஃபிடம் காட்டுங்கள். சுகாதார விருத்திப் பதிவேடு மண்ணோடு போயிருந்தால் புதிது கேளுங்கள். நிறைக்கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்திருந்தால் காரணத்தைக் கேட்டறியுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு கெட்டியாக மசித்த சோறும் பருப்பும், இடித்த நெத்தலியும், கிடைக்கும் நாளில் முட்டையும், கீரையும். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், பிள்ளை வளராது.

பேச்சுக்குச் செலவில்லை. குளிப்பாட்டும்போது மூக்கெது, காதெது என்று கேட்கலாம். நிவாரணத்தில் வந்த பிஸ்கட் பெட்டியை வெட்டி அடுக்கவும் கலைக்கவும் கொடுக்கலாம். தண்ணீர்ப் போத்தலில் நாலு சோளவிதை போட்டு மூடியை இறுக்கினால் கிலுகிலுப்பை; விதை வெளியே வந்தால் தொண்டையில் சிக்கும், ஆகவே மூடியை ஒட்டிவிடுங்கள். பிள்ளை "ஊ" என்றால் நீங்களும் "ஊ" என்று பதில் சொல்லுங்கள். பெரியவர்களின் மனம் உடைந்திருக்கும் காலத்தில் இது எளிதல்ல என்பதை நாம் அறிவோம். அதனால்தான் ஒருவரே சுமக்காமல், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நாலைந்து தாய்மார் சேர்ந்திருந்து பிள்ளைகளை ஒன்றாக விளையாட விடுவதை நாம் விரும்புகிறோம். தந்தைமாரையும் விலக்கவேண்டாம். வேலையற்ற பகல்கள் அவர்களுக்கே அதிகம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு: உங்கள் இடத்தில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களின் பெயர்களை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? அவர்களில் அழாத, கேட்காத பிள்ளை எது? காலையில் தாய் போனதிலிருந்து மாலையில் திரும்பும்வரை அந்தப் பிள்ளையோடு பேசுபவர் யார்?