தேசாவகாசிக விரதமும் வணிகர் கைப்பேசியும்

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் தேசாவகாசிகத்தைப் பெயரளவில் அறிந்தோர் நம்மிடையே பலர், கைக்கொள்வோர் சிலரே. சாமாயிகம் செய்வோர் உண்டு. அட்டமி, சதுர்த்தசியில் உபவாசம் இருப்போர் உண்டு. சாதுக்களுக்கு ஆகாரதானம் அளிக்கும் இல்லங்கள் உண்டு. தேசாவகாசிகத்தை மட்டும், கால்நடையாகப் பயணம் செய்த பழங்காலத்துக்குரியது என்று எண்ணி விட்டுவிட்டோம். சிறுவணிகம் செய்யும் நம் குடும்பங்களுக்கு இன்று மிகவும் வேண்டப்படுவது இவ்விரதமே என்பது நமது கருத்து.

ஆசார்ய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனைச் சிக்ஷாவிரதம் நான்கனுள் முதலாவதாக வைத்தார். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசார்யர் இதனைத் தேசவிரதம் எனப் பெயரிட்டுத் திக்விரதத்தை அடுத்து எண்ணினார். தமிழில் அருங்கலச்செப்பு சமந்தபத்திரர் வழியில் செல்வது. எண்ணும் முறை வேறாயினும் பொருள் ஒன்றே. திக்விரதத்தில் வாழ்நாள் முழுமைக்கும் வகுத்துக்கொண்ட பேரெல்லையை, ஒரு குறித்த காலத்துக்கு மேலும் சுருக்கிக்கொள்ளுதல் தேசாவகாசிகமாகும். வீடு, ஊர், வயல், ஆறு, காடு, யோசனைத் தொலைவு ஆகியவை எல்லையைக் குறிக்கும் அடையாளங்கள். ஆண்டு, அயனம், பருவம், நான்கு மாதம், மாதம், பக்கம், நட்சத்திரம் என்பன காலத்தின் அளவுகள். வகுத்த எல்லைக்கு அப்பால் ஐம்பாவங்களும் பெரிதாகவோ சிறிதாகவோ அவனால் நிகழாமையால், அவ்விடத்தைப் பொறுத்தவரை இல்லறத்தானுக்கும் மாவிரதம் கைகூடுகிறது என்பது ஆசார்யர் துணிவு. கடையும் கணக்குமாக உழலும் ஒருவனுக்கு இதனினும் எளிய வாயில் வேறு எது?

முன்பு கடைக்கதவைச் சாத்திப் பூட்டிய அளவில் வணிகனுக்கு எல்லை தானே வாய்த்தது. பேரேடு கடையில் இருக்கும். கல்லாப்பெட்டி கடையில் இருக்கும். அவன் வீட்டில் இருப்பான். 2009இல் வாட்சாப் தோன்றியது; 2016இல் யூபிஐ பணமாற்று வந்தது. இப்போது கொள்முதல், விற்பனை, பற்று, வரவு யாவும் சட்டைப்பையில் கூடவே வருகின்றன. உண்ணும்போதும், ஆலயத்தில் வலம் வரும்போதும், குழந்தைக்குப் பாடம் சொல்லும்போதும் கடை திறந்தே இருக்கிறது. கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆயினும் பூட்டு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டியுள்ளது.

எல்லை இன்னதென விளங்கிக்கொள்ள மலையூர் ஒன்று நமக்கு உதவும். ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துப் பகுதியில், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது நெல்லிவாசல்நாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி இது. சாமையும் புளியும் இம்மலையின் விளைபொருள்கள். (ஜவ்வாது மலைத் தேனுக்கும் பெயர் உண்டு, தேன் நமக்கு விலக்காதலால் அதனை விடுவோம்.) மாசி, பங்குனியில் புளி வாங்க மலையேறும் சமவெளி மண்டிக்காரர் ஒருவரை மனத்தில் கொள்வோம். வளைவுக்கு வளைவு கைப்பேசி அலை வருகிறது, போகிறது. காடு நெருங்கிய இடத்தில் அறவே நின்றுவிடுகிறது. இரண்டு மணி நேரம் அவரை எவரும் அழைக்க இயலவில்லை. இது தேசாவகாசிகம் ஆகுமா?

ஆகாது. எல்லை அவர் வகுத்ததன்று, காலம் அவர் குறித்ததன்று, சங்கற்பமே இல்லை. சோறு கிடைக்காமையால் பட்டினி கிடப்பவன் உபவாசி ஆகாதது போன்றதே இது. மேட்டுக்கு மேடு கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அலை தேடுகிறாரே, அவர் மனம் எந்த எல்லைக்குள் நின்றது? ஆயினும் ஒன்றை அவர் காணத் தவறலாகாது. அவ்விரண்டு மணி நேரத்தில் மண்டி மூழ்கிவிடவில்லை.

இனி அதிசாரங்களுக்கு வருவோம். விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டன. எல்லைக்கு வெளியே உள்ள பொருளை வரவழைத்தல் ஆனயனம். தான் போகாமல் ஏவலாளை வெளியே அனுப்பி வேலையை முடித்தல் பிரேஷ்யப் பிரயோகம். வெளியே இருப்பவனுக்கு ஒலியால் குறிப்புணர்த்தல் சப்தானுபாதம். இருமிக் காட்டுதலையும் பூஜ்யபாத ஆசார்யர் சர்வார்த்தசித்தியில் இதனுள் அடக்கினார். தன் உருவத்தைக் காட்டி ஏவுதல் ரூபானுபாதம். மண்கட்டி முதலியவற்றை எறிந்து உணர்த்தல் புத்கலக்ஷேபம்.

பாடசாலையில் இவற்றைக் கேட்ட இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. வேலிக்கு உள்ளிருந்து இருமியும் கல்லெறிந்தும் வணிகம் செய்பவர் யார் என்பர். நாம் அனைவரும் செய்கிறோம். வீட்டில் அமர்ந்தபடி சரக்குக்கு ஆர்டர் கொடுத்தல் ஆனயனம். கடைப்பையனுக்குச் செய்தி அனுப்பிக் கிடங்குக்கு விரட்டுதல் பிரேஷ்யப் பிரயோகம். அழைப்பும் குரல்பதிவும் சப்தம். வீடியோ அழைப்பு ரூபம். எழுதி அனுப்பும் ஒரு சொல்லும், 'சரி' என்று காட்டும் கட்டைவிரல் படமும் எறிந்த மண்கட்டிக்கு ஒப்பானவையே. உடம்பு எல்லைக்குள் இருக்க, ஐந்து அதிசாரமும் உள்ளங்கையில் அடங்கியுள்ளன. கைப்பேசியை மகனிடம் கொடுத்துவிட்டு, ஜபமாலையும் கையுமாக உள்ளிருந்து "என்ன விலை சொன்னான்?" என்று கேட்பாரும் உளர். பூஜ்யபாதர் குறித்த இருமல் அதுவே.

விரதம் ஏற்பவர் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. நமது ஓய்வின் பாரம் பிறர் தலையில் விழலாகாது. மலையிலிருந்து புளிமூட்டையோடு பேருந்தில் இறங்கி வந்த குடும்பம், விலை சொல்ல ஆளின்றி மண்டி வாசலில் காத்திருக்குமாயின், உள்ளே இருப்பவருடையது என்ன விரதம்? கடைசிப் பேருந்து போய்விட்டால் அவர்கள் தங்குவது எங்கே? கடன் கொடுத்தவருக்கு விடையளிக்காதிருக்க விரதத்தைத் திரையாக்குவதும், விலை ஏறும்வரை மௌனம் காப்பதும் அசௌரிய அணுவிரதத்துக்கே கேடு. ஆதலின் சங்கற்பத்துக்கு முன்பே அன்றைய விலையைப் பலகையில் எழுதுதல், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தல், எடை போடவும் பணம் தரவும் முழு உரிமையோடு ஒருவரை அமர்த்துதல் ஆகியன முடிந்திருக்க வேண்டும். முன்னரே செய்த ஏற்பாடு பிரேஷ்யம் ஆகாது, விரதத்தினிடையே ஏவுதலே பிரேஷ்யம் என்பது நமது துணிபு. ஐயமுடையோர் சாதுக்களிடம் கேட்டுத் தெளிக.

காலத்தை எவ்வளவு வைப்பது? தொடக்கத்தில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், போதும். அந்திச் சாமாயிகத்தோடு அதனை இணைத்துக்கொள்ளலாம். பழகியபின் சதுர்த்தசி மாலை முதல் மறுநாள் காலை வரை நீட்டலாம். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வோர் 20ஆம் தேதியை ஒட்டி நீண்ட விரதம் வைத்துக்கொண்டு இடையில் தவிக்க வேண்டா. மத்தியப் பிரதேசத்து ராய்சேன் மாவட்டத்தில் ஜைனர் பலர் 2022ஆம் ஆண்டுப் பர்யூஷண காலத்தில் 24 மணி நேரம் கைப்பேசியையும் இணையத்தையும் விட்டிருந்தனர். கருவியை ஆலயத்திலேயே ஒப்படைத்தோரும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு 15 முதல், மகாராட்டிரத்துச் சாங்கலி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரில், மாலை 7 மணிக்குச் சைரன் ஒலித்ததும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து ஒன்றரை மணி நேரம் படிப்பிலும் பேச்சிலும் கழிக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். அது சமய விரதமன்று, ஊர் முடிவு. ஊரே கூடி நிற்கும்போது ஒருவர்க்குத் தனியே இழப்பில்லை. நம் ஊர்களிலும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள் கலந்து பேசி இதனை ஏற்கலாம்.

மலையேறும் மண்டிக்காரரும் தம் பயணத்தை விரதமாக்கிக்கொள்ளலாம். அடிவாரத்தில் அலை நிற்கும் முன்னரே, இன்ன ஊருக்குச் செல்கிறேன், இன்ன நேரத்தில் திரும்புவேன் என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, நெல்லிவாசல்நாடு வரை எல்லை, இறங்கி வரும்வரை காலம் எனச் சங்கற்பித்துக் கைப்பேசியை அணைத்துவிடலாம். எல்லைக்குள் எடை போடலாம், விலை பேசலாம். அப்பாலுள்ள சந்தையை மட்டும் மறந்திருக்க வேண்டும். அவ்வாறு செல்வோர் விலைப்பணத்தை ரொக்கமாகவே எடுத்துச் செல்க. அலை இல்லை, கீழே போய் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பிறர் மூட்டையை வண்டியில் ஏற்றிவரலாகாது.