பழைய பிளாப்பி தட்டுகளும் சங்கக் கணக்கும்

அங்கத்தினர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் 1990களில் கணிப்பொறி வாங்கிய சங்கம் ஏதேனும் இருப்பின், அதன் பீரோவில் பிளாப்பி தட்டுகள் சில கிடைப்பது வியப்பன்று. அவை டாஸ் முறையில் வடிவமைக்கப்பட்டவை. பங்குத் தொகையும் சேமநிதியும் அவற்றில் மட்டுமே பதிந்திருக்குமாயின், ஓய்வு பெறும் நெசவாளரின் உரிமைக்கு அத்தட்டே சாட்சியாகும். ஆகவே அவற்றைப் படிக்கும் முறையை நாம் கற்றல் வேண்டும்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. தட்டை இட்டவுடன் "வடிவமைக்கவா?" எனக் கணிப்பொறி வினவினால், இல்லை என்றே விடையளிக்க வேண்டும். ஆம் என்போமாயின் கணக்கு அழியும். மூன்றரை அங்குலத் தட்டில் எழுதுதடைத் துளையைத் திறந்து வைத்த பின்னரே அதனை உள்ளே செலுத்துக. ஐந்தேகால் அங்குலத் தட்டில் முறை நேர்மாறு. அதன் ஓர வெட்டை ஒட்டி மூடினால்தான் தடை உண்டாகும். யு.எஸ்.பி. வழியே இணைக்கும் பிளாப்பி கருவிகள் மூன்றரை அங்குலத் தட்டுக்கு உரியவை. மற்றதற்குப் பழைய கணிப்பொறியே துணை.

லினக்ஸில் எம்டூல்ஸ் என்னும் இலவச மென்பொருள் இதற்கென உள்ளது. அது தட்டை ஏ, பி என்ற டாஸ் எழுத்துகளாலேயே அழைக்கிறது. எந்த எழுத்து எந்தக் கருவியைக் குறிக்கும் என்பதை எம்டூல்ஸ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் நாம் எழுதித் தருகிறோம். 'டிரைவ்' என்ற சொல், ஓர் எழுத்து, முக்காற்புள்ளி, அதன்பின் 'ஃபைல்' என்று கருவியின் பெயர்: இவ்வளவே. யு.எஸ்.பி. கருவிக்கு எஃப்டி0 என்ற பழைய பெயர் பொருந்தாது. எஸ்டி என்று தொடங்கும் பெயரையே இட வேண்டும்.

அளவையும் குறிக்கலாம். 1.44 எம்.பி. தட்டில் 80 தடங்கள், 2 பக்கங்கள், தடத்துக்கு 18 பகுதிகள், பகுதிக்கு 512 பைட்டுகள், பெருக்கினால் 14,74,560. 720 கே.பி. தட்டில் 18க்குப் பதில் 9. பாவின் இழைக்கு ஒவ்வாத அச்சில் நெய்ய இயலாதவாறே, பொருந்தா அளவு குறித்தால் எம்டூல்ஸ் தட்டை ஏற்காது. ஒரே எழுத்துக்கு இரண்டு வரிகள் எழுதின், முதலது பொருந்தாதபோது அடுத்ததை அதுவே முயலும். இரு அளவுத் தட்டுகளும் கலந்து கிடக்கும் சங்கத்துக்கு இது பெரிதும் உதவும்.

ஆயினும் தேய்ந்த தட்டை மீண்டும் மீண்டும் சுழற்றுதல் நன்றன்று. சோனி நிறுவனமே 2011 மார்ச்சில் ஜப்பானில் விற்பனையை நிறுத்திவிட்டது. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழுத் தட்டையும் ஒரு பிம்பக் கோப்பாக எடுத்து, கே என்ற எழுத்தை அக்கோப்புக்கே உரியதாக எழுதி வைப்பதே எம் விருப்பம். பிறகு எம்டிர் கட்டளை பட்டியலைக் காட்டும். எம்காப்பி கோப்பை வெளியே எடுக்கும். எம்காப்பியுடன் 'எம்' குறியைச் சேர்த்தால் கோப்பின் பழைய தேதி மாறாது. தணிக்கைக்கு அது தேவை. 'டி' குறியை மட்டும் சேர்க்கற்க. அது வரி முடிவுகளை மாற்றுவது. டிபேஸ் கோப்பு அதனால் கெடலாம்.

எடுத்த தொகைகளை அவ்வாண்டின் அச்சிட்ட தணிக்கை அறிக்கையுடன் காரியதரிசியும் கணக்கரும் சேர்ந்து ஒப்பிடுக. வேறுபாடு காணின் தனித் தாளில் குறிக்கலாம். பிம்பக் கோப்பில் ஓர் எழுத்தும் திருத்தலாகாது.