கெட்டும் பட்டணம் சேரலாமா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

முன்னுரை

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் பெரியோர் வழங்கிவரும் பழமொழி. ஊரில் வாழ வழியற்றுப் போனவனும் பட்டணம் போனால் பிழைத்துக்கொள்வான் என்பது இதன் பொருள். பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் மாணவியராகிய நமக்கு இது வெறும் பழமொழி அன்று. தேர்வு முடிந்த மறுவாரமே நம்முள் பலர் வீட்டில், "இனிப் பிள்ளையை எங்கே அனுப்புவது?" என்ற பேச்சு எழும். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களைப் போன்றோர் இதை ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறோம். சென்ற ஆண்டு நமக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்த அக்காமாருள் சிலர் மேல்நிலை வகுப்பில் இருக்கின்றனர். சிலர் திருப்பூரில் இருக்கின்றனர். ஆதலின், வேகமாக வளரும் நகரங்களில் வாழ்வதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நமக்கு மிகவும் தேவையாகிறது.

வளரும் நகரங்கள்

1981-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 33 பேர் நகரங்களில் வாழ்ந்தனர். 2011-இல் அது 48 ஆக உயர்ந்தது. திருப்பூரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதியில் 2001-இல் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் இருந்தனர். பத்தே ஆண்டுகளில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேலாயினர். பெங்களூரு அதே பத்து ஆண்டுகளில் 57 லட்சத்திலிருந்து 85 லட்சம் ஆயிற்று.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்ன? வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருகிறது. ஆள் வந்ததும் கடையும் பள்ளியும் மருத்துவமனையும் வருகின்றன. அவற்றுக்கு மேலும் ஆள் தேவைப்படுகிறது. இவ்வாறு நகரம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்தே செல்கிறது என்றால், அங்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை நாமே உணரலாம்.

நம் கொல்லிமலையோ நாமக்கல் மாவட்டத்தில் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது. காரவள்ளியிலிருந்து மேலே செல்ல 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 40,000 மக்கள். பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி வகுப்பினர். மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை, மரவள்ளி ஆகியவை இங்கு விளைகின்றன. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை முன்பு மிகுதியாக விளைந்தன. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருந்ததால் அவை குறைந்து போயின.

ஏறியவரும் இறங்கியவரும்

ஊர் விட்டு ஊர் போவது இன்று தோன்றிய வழக்கம் அன்று. நம் மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அக்கதைப்படி, காஞ்சி என்னும் பெருநகரை விட்டு மலையை நாடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நாம்!

பிற்காலத்திலும் ஒரு தாயும் மகனும் இதற்குச் சான்று. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் வேலை செய்ய வைத்தார். 1966-இல் அமெரிக்கா சென்ற அவர், 2003-இல் சியாட்டில் நகரில் காலமானார். அவருடைய தாயார் ஈவ்லின் அம்மையாரோ இலண்டன் மாநகரில் வளர்ந்தவர். அவர் கணவர் ஜெஸி பிராண்ட் 1929-இல் இம்மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அதன் பின்னும் அம்மையார் தம் முதுமையில் மீண்டும் மலைக்கே வந்து ஏழைகளுக்குத் தொண்டாற்றி, 1974-இல் மறைந்தார். மகன் இறங்கினார், தாய் ஏறினார். இருவரும் இன்னதற்காகச் செல்கிறோம் என்று அறிந்தே சென்றனர். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நகர வாழ்வின் நன்மைகள்

முதலாவது, வேலை. மலையில் காப்பிப்பழம் பறிக்கும் காலத்திலும் மிளகு அறுவடைக் காலத்திலும் கூலி கிடைக்கும். மற்ற மாதங்களில் குறைவே. நகரத்திலோ மாதம் தவறாமல் சம்பளம் வரும்.

இரண்டாவது, மருத்துவமும் கல்வியும். மலையில் ஒரு தாய்க்குப் பேறுகாலத்தில் சிக்கல் ஏற்பட்டால், இரவானாலும் மழையானாலும் அந்த 70 வளைவுகளையும் இறங்கித்தான் ஆக வேண்டும். நகரத்தாருக்கு இக்கவலை இல்லை. 2022-இல் நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; எனினும் அதுவும் மலைக்குக் கீழேதான் இருக்கிறது.

மூன்றாவது, பெண்ணுக்குக் கிடைக்கும் மதிப்பு. எங்களுள் ஒருத்தியின் அக்காள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். முன்பு எதையும் கேளாத அவர் தந்தை, இப்போது தம்பியின் படிப்பு முதல் எல்லாவற்றுக்கும், "அக்காளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறாராம். இது சிறிய நன்மையா?

நகர வாழ்வின் இன்னல்கள்

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே அக்காள் ஒரே அறையில் ஆறு பேருடன் தங்கியிருக்கிறார். வேலை மிகுந்த நாளில் 'ஒன்றரை ஷிப்ட்', அதாவது பன்னிரண்டு மணி நேரம், பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

தண்ணீரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. அதே சென்னையில் 2019-இல் குடிநீர் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். திருப்பூரில் சாயக்கழிவு கலந்து நொய்யல் ஆறே கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. நம் ஆகாய கங்கையில் விழுந்து புளியஞ்சோலை நோக்கி ஓடும் அய்யாற்று நீரைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, குடத்துடன் வரிசையில் நிற்கும் வாழ்வு எளிதன்று.

இவை எல்லாவற்றினும் கொடியது இளம்பெண்களுக்கு விரிக்கப்பட்ட வலை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் பெண்பிள்ளைகளைச் சேர்த்தனர். மூன்று ஆண்டு வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்பது பேச்சு. உடல் நலம் குன்றி இடையில் நின்றவர்களுள் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை. அப்பெயர் கெட்டுவிட்டதால் இன்று எவரும் அதைச் சொல்லி அழைப்பதில்லை. ஆயினும் முன்பணம் காட்டி அழைக்கும் தரகர் இன்றும் உண்டு.

அமெரிக்காவிலும் இதே கேள்வி

இஃது ஏழை நாட்டின் தொல்லை மட்டும் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்றொரு நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. 1950-இல் அங்கு ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களே வாழ்ந்தனர். 2020-இல் 16 லட்சம் பேர். வேலை கிடைத்தது, வேறு பெருநகரங்களைவிட மலிவாக வீடு கிடைத்தது, வெயிலைத் தாங்கக் குளிர்சாதன வசதி வந்தது. ஆகவே மக்கள் குவிந்தனர். அவர்களுக்குத் தண்ணீர் தருவதற்காகக் கொலராடோ ஆற்றிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. எனினும் 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரி செல்சியசுக்குக் குறையவில்லை. வெப்பத்தால் அவ்வாண்டு அந்நகரம் உள்ள மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தனர். குளிர்சாதனம் இல்லாதவரும், வீடே இல்லாதவரும், முதியோருமே அதிகம் மடிந்தனர். செல்வம் மிக்க நாட்டிலும் வளரும் நகரம் எல்லாரையும் ஒன்றுபோல் தாங்குவதில்லை என்பது இதனால் விளங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நகரத்துச் சம்பளத்தைக் கேட்டதும் மலைத்துப் போகாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகையில் அவள் பங்கு 2,000; சாப்பாடு 3,500; பேருந்தும் தொலைபேசியும் 800; சோப்பு, மருந்து முதலியன 700; வீட்டுக்கு அனுப்புவது 4,000. ஆக 11,000 போய்விட்டது. மீதம் 1,000 ரூபாய். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அதுவும் இல்லை.

மலையில் இருப்பவளுக்குக் கூலி குறைவு. ஆனால் வாடகை இல்லை; விறகும் கீரையும் கிழங்கும் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எனவே பத்தாம் வகுப்போடு நின்று இறங்குபவளுக்கு, நகரம் தரும் லாபம் நாம் நினைக்கும் அளவு பெரிதன்று. அதே பெண் செவிலியராகவோ, கணக்கராகவோ, ஆசிரியையாகவோ இறங்கினால் வாடகையும் சாப்பாடும் ஏறக்குறைய அதேதான், சம்பளமோ உயரும். மீதியும் உயரும்.

மலையைப் பற்றிய உண்மை

அப்படியானால் மலையிலேயே இருந்துவிடலாமா? மலையைச் சொர்க்கம் என்று சுற்றுலா வருவோர் புகழலாம். அங்கு வாழ்வோர் அவ்வாறு மட்டும் சொல்ல முடியாது. வேலை குறைவு. படிப்பு நின்ற பெண்ணுக்கு விரைவில் திருமணம் பேசுகிறார்கள். மிளகு விலை ஏறினால் சிரிப்பு, இறங்கினால் கடன். ஆனால் வழியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்குச் சிறுதானியங்களைக் காக்கவும், அவற்றை மாவாகவும் பண்டமாகவும் விற்கவும் மகளிர் குழுக்களுடன் உழைத்துள்ளது. 2023-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. நம் பாட்டிமார் விளைவித்த சாமையை இன்று நகரத்தார் தேடி வாங்குகின்றனர். படித்த பெண் மலையிலும் பிழைக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று.

செல்வதாயின் எவ்வாறு செல்வது?

1. மேல்நிலைக் கல்வி, செவிலியர் பயிற்சி, தொழிற்பயிற்சி, பாலிடெக்னிக், கல்லூரி ஆகியவற்றுள் ஒன்றை முடித்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பின்னர் இது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் நீட்டிக்கப்பட்டது.

2. முன்பணம் வாங்கலாகாது. முன்பணம் வாங்கியவளுக்கு வேலையை விட்டு வரும் உரிமை போய்விடுகிறது.

3. தங்கும் இடத்தைப் பெற்றோர் நேரில் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். பணிபுரியும் மகளிர்க்கென அரசின் 'தோழி' விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன.

4. சம்பளம் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். காய்ச்சலில் படுக்கும் நாளில் இ.எஸ்.ஐ. கைகொடுக்கும்.

5. 18 வயது நிரம்பாத சிறுமிக்கு இடர் வந்தால் 1098, பெண்களுக்கு இடர் வந்தால் 181 என்ற எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 14 முதல் 18 வயது வரை உள்ளோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடை செய்கிறது.

6. மகள் சம்பாதிக்கிறாள் என்று மலையிலுள்ள நிலத்தைக் கைவிடலாகாது. திரும்பி வர ஓர் இடம் இருப்பவளே நகரத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியும்.

முடிவுரை

தராசின் இரு தட்டுகளையும் பார்த்தோம். நகரத்தை வெறுக்கவும் வேண்டா. அதை நினைத்து மயங்கவும் வேண்டா. மலையா, மாநகரா என்ற கேள்வியைக் காட்டிலும், எந்த வயதில், கையில் எதை வைத்துக்கொண்டு இறங்குகிறோம் என்ற கேள்வியே பெரிது. பதினைந்து வயதில் வெறுங்கையோடு இறங்குபவளை நகரம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், உயர்த்தி விடாது. கல்வியோடு இறங்குபவளுக்கு நகரம் ஏணியாகும். வேண்டும்போது அவள் மலைக்கே திரும்பி வந்து, தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், நோயாளிக்கு ஊசி போடவும் முடியும்.

பெற்றோரே, உங்கள் வறுமையை நாங்கள் அறிவோம். இன்னும் இரண்டே ஆண்டுகள் பொறுத்து, எங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையாவது படிக்க விடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். தோழியரே, பெரியோர் சொன்ன பழமொழியை நாம் சிறிதே மாற்றிக்கொள்வோம்: 'கற்றுப் பட்டணம் சேர்!'