‘காப்புரிமை’: கணினித் துறைக் கலைச்சொல்லின் பொருள்மயக்கம்

முன்னுரை

கண்டுபிடிப்பு, கணினி நிரல், மின்சுற்று வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் உரிய சட்ட உரிமைகளைத் தமிழ் எழுத்துலகம் பல வேளைகளில் ‘காப்புரிமை’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. இவ்வழக்கு விளைவிக்கும் பொருள்மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் வகுக்கும் எல்லை

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, படிமுறை, நிரல் என்ற அளவிலேயே நிற்கும் கணினி நிரல், ஒருங்கிணைந்த மின்சுற்றின் தளவமைப்பு ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையுள் அடக்குகிறது. மின்சுற்றின் தளவமைப்புக்கு 2000ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. காப்புரிமை 20 ஆண்டுகளும், தளவமைப்பு உரிமை 10 ஆண்டுகளும் நீடிக்கின்றன. பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும்.

மயக்கத்தின் விளைவு

பதிப்புரிமை, படைப்பு உருவானவுடன் தானே தோன்றும், பதிவு கட்டாயமன்று. காப்புரிமையோ விண்ணப்பித்துப் பெற வேண்டியது. புதுச்சேரியில் வரைபட மாதிரியாக்கக் கருவி ஒன்றை உருவாக்குபவர் அதற்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தையே நாடவேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கருதி, விண்ணப்பிக்கும் முன்னரே அவர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டால், அது புதுமைத் தகுதியை இழக்க நேரிடலாம். சொல்லின் மயக்கம் இங்கே உரிமையிழப்பாக முடிகிறது.

முடிவுரை

‘காப்புரிமை’ என்பதைக் கண்டுபிடிப்புக்கும், ‘பதிப்புரிமை’ என்பதை நிரலுக்கும், ‘தளவமைப்புரிமை’ என்பதை மின்சுற்றுக்கும் வரையறுத்து ஆளுதல் தகும். கலைச்சொல் அகராதிகளும் பாடநூல்களும் இவ்வேறுபாட்டைப் பேணுதல் இன்றியமையாதது.